நிர்வாகச் செலவு – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய அம்மா,

நலமாக இருக்கிறீர்களா? உங்கள் கட்டுரைகளைப் பல வருடங்களாக வாசிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் தடவை. ஓர் ஆலோசனை வேண்டும்.

34 வருடம் வங்கியில் வேலை பார்த்துவிட்டுப் போன டிசம்பரில் ஓய்வு பெற்றேன். எங்கள் ஊரில் ஓர் அறக்கட்டளை ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்காகப் பள்ளி நடத்துகிறது. 42 குழந்தைகள் படிக்கிறார்கள். அதன் தாளாளர் எங்கள் கிளையின் பழைய வாடிக்கையாளர். நிர்வாகக் குழுவில் சேரச் சொல்லிக் கேட்கிறார். சம்பளம், படி எதுவும் கிடையாது. மாதம் ஒரு கூட்டம். 'தெய்வக் குழந்தைகளுக்குச் செய்வது புண்ணியம், போங்கள்' என்கிறாள் என் மனைவி. எனக்கும் ஓய்வுக்குப் பிறகு மனநிறைவு தரும் காரியமாக ஏதாவது செய்ய வேண்டும் என்றிருக்கிறது. ஆனால் ஆட்டிசம் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. அது நோயா, குணமாகுமா என்பதுகூடத் தெரியாது. அப்படிப்பட்டவன் இந்தப் பொறுப்பை ஏற்கலாமா?

மூன்று வருடக் கணக்கை வாங்கிப் பார்த்தேன். மொத்தச் செலவில் 70 சதவீதம் சம்பளத்துக்கே போகிறது. இந்த நிர்வாகச் செலவைக் கொஞ்சம் கட்டுப்படுத்தினாலே ஐந்து வருடத்தில் சொந்தக் கட்டடம் கட்டிவிடலாம் என்று தோன்றியது. தாளாளரும் ஒப்புக்கொண்டார். இன்னொரு விஷயம், பெற்றோர் இரண்டு பேரைக் குழுவில் சேர்க்க வேண்டும் என்று கோரிக்கை இருக்கிறதாம். அவர்கள் உணர்ச்சிவசப்படுவார்கள், கூட்டமே நடத்த முடியாது என்று சிலர் எதிர்க்கிறார்கள். 18 வயது தாண்டியவர்களுக்கு விடுதி தொடங்கும் யோசனையும் உண்டு. நீங்கள் இப்படி ஒரு பள்ளியின் குழுவில் இருந்ததாக எங்கோ எழுதியிருந்தீர்கள். அதனால்தான் கேட்கிறேன்.

அன்புடன்,
(பெயர் தவிர்க்கப்பட்டிருக்கிறது)

*

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதம் வந்த நேரம் அப்படி. அதற்குப் பத்து நாள் முன்புதான் ஒரு ஜவுளிக்கடையில் ஒருவரைப் பார்த்துவிட்டு வந்து இரண்டு ராத்திரி தூங்காமல் கிடந்தேன். அதைக் கடைசியில் சொல்கிறேன். உங்கள் கடிதத்தில் ஒரு வரி இருக்கிறது, அந்த வரிக்காகத்தான் இந்தப் பதில். மற்றவற்றுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

ஆட்டிசம் நோய் இல்லை. மூளை வளரும் விதத்திலேயே உள்ள வேறுபாடு. குணப்படுத்தித் தருகிறேன் என்று யாராவது மருந்துப் பொட்டலத்தோடு பள்ளிக்கு வந்தால் வாசலோடு திருப்பி அனுப்புங்கள். உங்களுக்குத் தெரியவில்லை என்பதற்காக வெட்கப்பட வேண்டியதில்லை. நம் சட்டத்துக்கே தாமதமாகத்தான் தெரிந்தது. 1995-இல் வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டம் ஏழு குறைபாடுகளைப் பட்டியல் போட்டது. அதில் ஆட்டிசம் இல்லை. 1999-இல் தேசிய அறக்கட்டளைச் சட்டம்தான் அதைப் பெயர் சொல்லிச் சேர்த்தது. 2016 சட்டத்தில் 21 குறைபாடுகளில் ஒன்றாக இடம் கிடைத்தது. நீங்கள் ஆறு மாதம் பொறுமையாகப் பார்த்தால் போதும், நிறைய புரியும்.

பெற்றோரைச் சேர்க்கலாமா என்று கேட்கிறீர்கள். இதில் கேட்க என்ன இருக்கிறது? இந்த மாதிரிப் பள்ளிகள் பெரும்பாலும் பெற்றோர் தொடங்கியவை. லண்டனில் 1962-இல் சங்கம் வைத்தவர்கள் பெற்றோர். சிபில் எல்கர் என்ற ஆசிரியை தன் வீட்டு நிலவறையில் நடத்திக்கொண்டிருந்த வகுப்பைப் பார்த்துவிட்டு, 1965-இல் அவரை வைத்துப் பள்ளி தொடங்கியதும் அவர்கள்தான். டெல்லியில் 1991-இல் 'ஆக்ஷன் ஃபார் ஆட்டிசம்' அமைப்பைத் தொடங்கிய மெர்ரி பருவாவும் ஆட்டிசம் உள்ள பிள்ளையின் தாய். உணர்ச்சிவசப்படுவார்களாம்! பெற்ற பிள்ளையைப் பற்றிப் பேசும்போது உணர்ச்சி வராமல் என்ன வரும்? கட்டணம், சலுகை பற்றித் தீர்மானம் வரும்போது மட்டும் அவர்கள் வாக்களிக்காமல் இருந்தால் போதும். மற்றபடி இரண்டு பேர் கண்டிப்பாக இருக்க வேண்டும்.

விடுதி இப்போது வேண்டாம். அது தனியாக எழுத வேண்டிய பெரிய விஷயம்.

அப்புறம் அந்தத் 'தெய்வக் குழந்தைகள்'. உங்கள் மனைவி நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார், அவரை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தச் சொல்லைப் பள்ளிக்குள் கொண்டு போகாதீர்கள். தெய்வம் என்றால் படையல் வைத்துக் கும்பிட்டுவிட்டுக் கிளம்பிவிடலாம். குழந்தை என்றால் பக்கத்தில் உட்கார வேண்டும். எங்கள் பள்ளியில் மாதத்தில் பாதி நாள் யாராவது பிறந்தநாள் என்றோ அப்பாவின் திதி என்றோ சாப்பாடு கொண்டுவந்து இறங்குவார்கள். வடை, பாயசம், சாம்பார் சாதம். தயிர்சாதத்தைத் தவிர வேறெதையும் வாயில் வைக்காத குழந்தைகள் எங்களிடம் நான்கு பேர் இருந்தார்கள். அவர்கள் அன்றைக்கெல்லாம் பட்டினி. பரிமாறியவர்கள் வரிசையாக நிற்கவைத்துப் போட்டோ எடுப்பார்கள். பிளாஷ் அடித்ததும் ஒரு பெண் குழந்தை இரண்டு காதையும் பொத்திக்கொண்டு கத்தும். 'பாவம், சந்தோஷத்தில் கத்துது' என்று ஒரு பெரியவர் சொன்னதை என் காதால் கேட்டேன். நன்கொடை போய்விடுமே என்று அப்போது நானும் பேசாமல் இருந்தேன்.

சரி, இப்போது அந்த வரிக்கு வருகிறேன். சம்பளம் 70 சதவீதம், இந்த நிர்வாகச் செலவைக் கட்டுப்படுத்தலாம் என்று எழுதியிருக்கிறீர்கள்.

நண்பரே, 34 வருடம் வங்கியில் இருந்தவர் நீங்கள். கடனாகக் கொடுத்த பணத்தைப் பேனா, பேப்பர் வாங்கிய கணக்கில் யாராவது எழுதினால் விடுவீர்களா? ஒரு சிறப்புப் பள்ளியில் ஆசிரியர் சம்பளத்தை நிர்வாகச் செலவு என்பதும் அதே மாதிரிதான். அங்கே நடக்கும் வேலையே அந்த ஆசிரியர்தான். கட்டடம் வாடகையாக இருக்கலாம், ஓடு ஒழுகலாம், வேன் இல்லாமல் ஆட்டோவில் வரலாம். டீச்சர் இல்லையென்றால் அது 42 குழந்தைகளை அடைத்து வைக்கும் இடம். வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2020-இல் அதைத் திருத்தி, நிர்வாகச் செலவின் உச்சவரம்பை 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாக இறுக்கினார்கள். அவ்வளவு கறாரான அந்தச் சட்டத்தின் விதிகளே, பள்ளி ஆசிரியர் சம்பளத்தையும் மருத்துவமனை டாக்டர் சம்பளத்தையும் நிர்வாகச் செலவில் சேர்க்கக் கூடாது என்கின்றன. டெல்லியில் விதி எழுதிய அதிகாரிக்குப் புரிந்தது நம் ஊர்க் கமிட்டிகளுக்குப் புரியவில்லை. உங்களுக்கு 70 சதவீதம் அதிகமாகத் தெரிகிறது. எனக்கு அது குறைவாகத் தெரிகிறது.

குழந்தை மனநல மருத்துவர் லியோ கன்னர் 1943-இல் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரைதான் ஆட்டிசத்தைப் பரவலாகத் தெரியவைத்தது. அந்தக் குழந்தைகளிடம் அவர் முக்கியமாகக் கவனித்த ஒன்று, சுற்றியிருப்பது எதுவும் மாறக் கூடாது என்ற தவிப்பு. நாற்காலி இருந்த இடத்தில் இருக்க வேண்டும், போன வழியிலேயே போக வேண்டும். அந்தத் தவிப்பை எந்தக் கமிட்டியும் மதிக்கும். மேஜையை நகர்த்தாதே, சுவருக்கு வேறு வண்ணம் அடிக்காதே என்று எங்கள் குழுவிலேயே பேசியிருக்கிறோம். ஆனால் வருடா வருடம் டீச்சரை மாற்றிக்கொண்டிருந்தோம். குழந்தையின் நாளில் மேஜை பெரிதா, டீச்சர் பெரிதா?

நான் 2009-லிருந்து 2016 வரை எங்கள் ஊர்ப் பள்ளியின் குழுவில் இருந்தேன். ஒன்பது பேர். ஒரு டாக்டர், ஒரு ஆடிட்டர், ரைஸ்மில் முதலாளி, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் இரண்டு பேர், இப்படி. ஒருவரும் கெட்டவர் இல்லை. ஒரு பைசா வாங்கியதில்லை. கைக்காசு போட்டவர்கள்தான் அதிகம். அந்த நல்லவர்களோடு உட்கார்ந்து நானும் கையெழுத்துப் போட்ட தீர்மானத்தைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

எட்டு வயதுப் பையன் ஒருவன் இருந்தான். பேச்சு இல்லை. வாசலில் கிடக்கும் செருப்புகளை எல்லாம் சுவரோரமாக வரிசை பிடித்து வைப்பான். அளவு வாரியாக, சிறிசிலிருந்து பெரிசு. அவனுக்கு ஒரு டீச்சர். சிறப்புக் கல்வியில் இரண்டு வருட டிப்ளமா முடித்து, சிறப்பாசிரியர்களைப் பதிவு செய்யும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்திருந்த பெண். 26, 27 வயதிருக்கும். கிராமத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருவாள். சம்பளம் 6,500 ரூபாய்.

அவனுக்கு நீல டம்ளரில் கொடுத்தால்தான் தண்ணீர் இறங்கும். இதைக் கண்டுபிடிக்கவே அவளுக்கு மூன்று வாரம் ஆனது. கண்டுபிடித்த பிறகு அந்த டம்ளரை அவன் கண்ணுக்குத் தெரியும்படி உயரமான பலகையில் வைத்தாள். அவன் வந்து அவள் முந்தானையை இழுப்பான். அவள் குனிந்து 'தண்ணி' என்பாள். சொல்லிவிட்டுக் காத்திருப்பாள். எடுத்துக் கொடுத்துவிடுவாள். மறுபடி இழுப்பான், மறுபடி 'தண்ணி', மறுபடி காத்திருப்பாள். ஒரு நாளைக்கு இருபது, முப்பது தடவை. பதினொரு மாதம். ஏப்ரலில் ஒரு நாள் நான் பள்ளியில் இருந்தபோது அவன் 'தண்' என்றான். அடுத்த வாரம் 'தண்ணி'. அவன் அம்மாவை வரச்சொல்லிக் காட்டினார்கள். அந்த அம்மா அழவில்லை. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மே மாதம் கமிட்டிக் கூட்டம். வருடம் 2011. முதல் பொருள், பள்ளி முகப்பில் ஒரு வளைவு. மதிப்பீடு 3,80,000 ரூபாய். பாதியை ஒரு நன்கொடையாளர் தருகிறார், மீதியைப் பள்ளி போட வேண்டும், அவர் அம்மா பெயர் கல்வெட்டில் வரும். ஒரு மணி நேரம் பேசினோம். மேலே என்ன எழுத்து, கிரானைட்டா டைல்ஸா என்பது வரைக்கும். ஏகமனதாக நிறைவேறியது. ஏழாவது பொருள், அந்த டீச்சரின் விண்ணப்பம். இன்னும் 2,500 ரூபாய் கூட்டிக் கொடுத்தால் நன்றாக இருக்கும், வீட்டில் கஷ்டம் என்று ஒரு பக்கத்தில் எழுதியிருந்தாள். அதற்குள் கேசரியும் போண்டாவும் வந்துவிட்டன. ஒருவருக்குக் கூட்டினால் எல்லோருக்கும் கூட்ட வேண்டும் என்றார் ஆடிட்டர். அடுத்த கூட்டத்தில் பரிசீலிக்கலாம் என்று எழுதிக்கொண்டோம். நானும் சரி என்றேன். எனக்கு அன்றைக்கு ஒரு ரயிலைப் பிடிக்க வேண்டியிருந்தது.

வங்கிக்காரர் நீங்கள், கணக்குப் போட்டுப் பாருங்கள். மாதம் 2,500 என்றால் வருடத்துக்கு 30,000. அந்த வளைவுக்கான பணம் அவளுக்குப் பன்னிரண்டு வருடத்துக்கு மேல் வரும். பள்ளி போட்ட பாதி மட்டுமே ஆறு வருடத்துக்கு.

ஜூனில் பள்ளி திறந்தபோது அவள் இல்லை. ஒரு ஜவுளிக்கடையில் 9,000 ரூபாயும் மதியச் சாப்பாடும் தருகிறார்கள் என்று போய்விட்டாள். ஏப்ரல் மாதச் சம்பளத்தோடு அவள் கணக்கு முடிந்திருந்தது. ஏனென்றால் மே மாதத்துக்கு நாங்கள் சம்பளம் கொடுப்பதில்லை. விடுமுறைக்கு எதற்குச் சம்பளம் என்று பழைய தீர்மானம் ஒன்று இருந்தது. குழந்தைகளுக்குக் கோடை விடுமுறை, டீச்சர் வீட்டு அடுப்புக்குமா விடுமுறை? யாரும் அதைக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அந்தப் பையன் தினமும் காலையில் கேட்டருகே நின்றான். அவள் பஸ்ஸிலிருந்து இறங்கி வரும் திசையைப் பார்த்துக்கொண்டு. செருப்புகளைத் தொடவில்லை. நீல டம்ளரில் கொடுத்தாலும் தட்டிவிட்டான். ஜூலையில் தலையைச் சுவரில் மோத ஆரம்பித்தான். 'தண்ணி' போய்விட்டது. புதிதாக வந்த டீச்சரும் நல்ல பெண்தான். ஆனால் முதலிலிருந்து தொடங்க வேண்டும், இல்லையா? அவன் எதற்குப் பயப்படுவான், எந்தப் பக்கம் உட்கார்ந்தால் அமைதியாக இருப்பான் என்பதெல்லாம் எந்தக் கோப்பிலும் இல்லை. அது அந்த ஜவுளிக்கடையில் போய் நின்றுகொண்டிருந்தது.

ஒரு நாள் சாயங்காலம் அவன் அம்மா என் வீட்டுக்கு வந்தார். "அவங்கள எப்படியாச்சும் திரும்பக் கூப்பிடுங்கம்மா. பணம்தான் பிரச்சினைன்னா மாசம் ஐநூறு ரூபா நான் தனியாத் தர்றேன்" என்றார். நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவர். நான் காபி கொடுத்தேன். அடுத்த கூட்டத்தில் பேசுகிறேன் என்றேன். பேசவும் செய்தேன். ஆகஸ்டில் 1,000 ரூபாய் கூட்டித் தருவதாகத் தீர்மானம் போட்டுக் கடிதம் அனுப்பினோம். அவள் பதில் எழுதவில்லை. எதற்கு எழுத வேண்டும்?

சம்பளத்துக்கு யாரும் நன்கொடை தரமாட்டார்கள் என்று உங்கள் தாளாளர் சொல்வார். பாதி உண்மை. பெரிய கம்பெனிகள் லாபத்தில் இரண்டு சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும் என்று 2013-இல் சட்டம் வந்த பிறகு எங்களுக்கும் கொஞ்சம் பணம் வந்தது. வேன் தருகிறோம், பெயர் எழுதுங்கள் என்றார்கள். ஊஞ்சல், பந்துத் தொட்டி எல்லாம் வைத்து ஒரு தெரபி அறை கட்டிக் கொடுத்தார்கள். ஒரு வருடத்தில் தெரபிஸ்ட் போய்விட்டார். அந்த அறையில் பழைய பெஞ்சுகளை அடுக்கி வைத்தோம். ஆனால் ஒன்று சொல்கிறேன், நாங்கள் யாரிடமும் சம்பளத்துக்கென்று வாய்விட்டுக் கேட்டதே இல்லை. 2014-இல் முதல்முறையாகக் கேட்டுப் பார்த்தேன். 'உங்கள் அப்பா பெயரில் ஒரு டீச்சரின் ஒரு வருடச் சம்பளத்தை ஏற்றுக்கொள்ளுங்கள்' என்று. ஏழு பேரிடம் கேட்டதில் மூன்று பேர் கொடுத்தார்கள். அதில் ஒருவர் அந்த வளைவு கட்டிக் கொடுத்தவர்! 'இதை முன்னாடியே கேட்டிருக்கலாமே' என்றார். அந்த வார்த்தை இன்னும் என் நெஞ்சில் குத்திக்கொண்டிருக்கிறது.

அதனால் உங்களிடம் கோபமாகவே சொல்கிறேன். சொந்தக் கட்டட ஆசையை ஐந்து வருடத்துக்கு மூட்டை கட்டி வையுங்கள். சம்பளப் பட்டியலைக் கையில் எடுங்கள். மூன்று வருடத்துக்கு மேல் இருக்கும் டீச்சர்கள் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். போனவர்கள் எங்கே போனார்கள் என்று விசாரியுங்கள். வழக்கமான பள்ளிகளிலும் சிறப்பாசிரியர் கட்டாயம் இருக்க வேண்டும், தொடக்க வகுப்புகளில் பத்துக் குழந்தைக்கு ஒருவர் என்று 2021-இல் உச்சநீதிமன்றம் சொன்னது. அந்த இடங்கள் நிரம்ப நிரம்ப, குறைந்த சம்பளத்தில் உங்கள் பள்ளியில் யார் இருப்பார்கள்? பிஎஃப் கட்டுகிறார்களா என்று பாருங்கள். பணிக்கொடைக்கு ஒதுக்கியிருக்கிறார்களா என்று பாருங்கள். 2009-இல் பணிக்கொடைச் சட்டத்தைத் திருத்தி ஆசிரியர்களையும் அதற்குள் கொண்டுவந்துவிட்டார்கள். 'இது சேவை நிறுவனம்' என்ற பேச்சு அங்கே எடுபடாது. சேவை செய்வது நீங்களும் நானும். நமக்குப் பென்ஷன் வருகிறது. அவள் வேலை செய்கிறாள், கூலி கொடுக்க வேண்டும்.

மனநிறைவு வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். அதைத் தேடி அங்கே போகாதீர்கள்.

அந்த ஜவுளிக்கடை. என் தங்கை மகள் கல்யாணத்துக்கு ஜாக்கெட் துணி எடுக்கப் போயிருந்தேன். "மேடம், நல்லா இருக்கீங்களா?" என்று ஒரு பெண் கேட்டாள். சட்டென்று அடையாளம் தெரியவில்லை. உடம்பு கொஞ்சம் போட்டிருந்தாள், காதோரம் நரை. இப்போது அந்தத் தளத்துக்கே சூப்பர்வைசராம். 14 வருடம் அதே கடை. என்மேல் கோபம் எதுவும் இருந்த மாதிரி தெரியவில்லை. துணியை முழம் போட்டுக்கொண்டே, "அந்தத் தண்ணிப் பையன் எப்படி இருக்கான் மேடம்? இருபத்திரெண்டு வயசு இருக்குமே. பேசறானா?" என்றாள்.

எனக்குத் தெரியவில்லை. அடுத்த வருடமே அவர்கள் திருப்பூருக்குப் போய்விட்டார்கள். போன் நம்பர்கூட என்னிடம் இல்லை. அதைச் சொன்னேன்.

அவள் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. துணியை நேராகக் கிழித்து மடித்தாள். "அவனுக்கு இடது பக்கமா உட்காரணும் மேடம். வலது பக்கம் உட்கார்ந்தா கடிச்சிருவான். அடுத்து வர்ற டீச்சர்கிட்ட சொல்லணும்னு ஒரு பேப்பர்ல எல்லாத்தையும் எழுதிவச்சிருந்தேன். யாரும் கேக்கலை" என்றாள். பில் போட்டுக் கொடுத்தாள்.

குழுவில் சேருங்கள். முதல் கூட்டத்திலேயே மே மாதச் சம்பளம் கொடுக்கிறார்களா என்று கேளுங்கள். என்ன பதில் சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.